ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் "வைத்தியக் கல்வியின் திட்டமும் அதன் ஆசிரியர்களுக்கு வேண்டிய பயிற்சியும்" என்பதாகும். இந்தத் தலைப்பைத் துண்டுப் பிரசுரத்தில் பார்த்தவுடனேயே உங்களில் சிலர், "இது டாக்டர்கள் கூடிப் பேச வேண்டிய சங்கதி அல்லவா? நமக்கு இதில் என்ன வேலை?" என்று நினைத்திருக்கலாம். நானும் டாக்டர் அல்ல. நோயாளியாகவும், நோயாளிக்குத் துணையாகவும் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் பாய் விரித்துப் படுத்த அனுபவம்தான் எனக்கு உண்டு. ஆனாலும் இவ்விஷயம் டாக்டர்களைவிட நம்மையே அதிகமாகப் பொறுத்தது என்பது என் அபிப்பிராயம். தையற்காரர் தொழிலைச் சரியாகக் கற்காவிட்டால் சட்டை கெடும். வைத்தியர் சரியாகக் கற்காவிட்டால் உயிர் போகும். அப்படிப் போவது கற்றுக்கொடுத்தவரின் உயிரும் அல்ல, கற்றுக்கொண்டவரின் உயிரும் அல்ல, நம்முடைய உயிர்தான். ஆகவே அவர்களுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார், எப்படிக் கற்றுக்கொடுக்கிறார் என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு.

நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. காதில் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து யோசித்து, சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுங்கள்.

நான் கண்டது

சில வருஷங்களுக்கு முன் என் தமக்கைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. காலையில் பெரிய டாக்டர் வருவார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மாணவர்கள் வருவார்கள். ஒருநாள் அவர் ஒரு பையனைப் பார்த்து ஏதோ கேள்வி கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. உடனே அவர், நோயாளிகளும் நர்சுகளும் கூட்டுகிறவர்களும் கேட்கும்படியாக, "உன்னை யார் இந்தப் படிப்புக்கு வரச் சொன்னது? ஊரில் போய் மாடு மேய்" என்றார். பையன் தலை குனிந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள், சிரிக்காவிட்டால் அடுத்த கேள்வி தங்களுக்கு வருமே என்ற பயத்தால் சிரித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் அதே பையன் தனியாக வந்து என் தமக்கையின் கட்டைப் பார்த்தான். கட்டின் ஓரத்தில் இரத்தம் ஊறியிருந்தது. அவன் முகம் மாறியது எனக்கே தெரிந்தது. "என்ன தம்பி?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "இதுகூடத் தெரியாதா?" என்று ஏச்சு விழும் என்று பயந்திருக்கிறான். இராத்திரி வேலைக்கு வந்த ஒரு நர்ஸம்மாள்தான் பார்த்துப் பதறி, பெரிய டாக்டரையே எழுப்பி வரவழைத்தார். என் தமக்கை பிழைத்தார்கள். அந்த அம்மாளும் ஏச்சுக்குப் பயந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பெரிய டாக்டர் கெட்டவர் அல்ல. ஆபரேஷனில் கைதேர்ந்தவர், இராத்திரி கூப்பிட்டதும் ஓடி வந்தவர். ஆனால் கத்தி பிடிக்கத் தெரிந்த அவருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை. தெரியாதது அவர் குற்றமா? அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய ஆசிரியர் அவரை ஏசினார். அவர் இந்தப் பையனை ஏசினார். இந்தப் பையன் நாளைக்கு வேறொருவனை ஏசுவான். மாமியார் கொடுமையைப் போல இதுவும் ஒரு பரம்பரைச் சொத்து.

"பிறவிக் குணம்" என்ற புரட்டு

நம் நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு "அ" எழுதக் கற்றுக்கொடுக்கிறவர் ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் உயிரைக் காப்பாற்றும் வித்தையைக் கற்றுக்கொடுக்கிறவருக்கு, உலகம் முழுவதிலுமே வெகு காலம் வரையில் அப்படி ஒரு பயிற்சியும் கேட்கப்படவில்லை. பெரிய பட்டம் வாங்கியிருந்தால் போதும். மறுநாளே அவர் புரபசர்.

ஏன் இப்படி என்று கேட்டால், "கற்பிப்பது ஒரு பிறவிக் குணம், இருப்பவர்களுக்கு இருக்கும், இல்லாதவர்களுக்கு வராது" என்பார்கள். தோழர்களே, இந்தப் பேச்சை நாம் வேறு எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? இன்னாருக்குத்தான் படிப்பு வரும், இன்னாருக்கு வராது என்று பிறப்பைக் காட்டிச் சொன்னவர்கள் சொன்ன அதே வார்த்தைதான் இது. பயிற்சி கொடுத்துப் பார்க்காமலேயே வராது என்று எப்படித் தெரிந்தது? நீச்சல் தெரிந்தவன் எல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவன் ஆகமாட்டான். தான் எப்படிக் கற்றோம் என்பதே அவனுக்கு மறந்து போயிருக்கும். தெரிந்திருப்பது ஒரு தொழில், தெரிவிப்பது வேறொரு தொழில். இரண்டாவதையும் கற்றுத்தான் ஆக வேண்டும்.

கைகழுவ மறுத்த கதை

ஆசிரியர் தாமும் கற்க மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறேன். ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள்; மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1841 முதல் 1846 வரை டாக்டர்கள் வார்டில் 100-க்குச் சுமார் 10 தாய்மார்கள் பிரசவ ஜுரத்தால் இறந்தார்கள். மருத்துவச்சிகள் வார்டிலோ 100-க்கு 4-க்கும் குறைவு. படித்தவர் கையில் சாவு அதிகம். படிக்காதவர் என்று இகழப்பட்டவர் கையில் குறைவு!

செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் இதைக் கண்டு மனம் நொந்து காரணம் தேடினார். 1847-ல் அவருடைய நண்பரான ஒரு புரபசர், பிணப் பரிசோதனையின்போது விரலில் கத்தி பட்டு, அந்தத் தாய்மார்களுக்கு வந்தது போன்ற நோயினாலேயே இறந்தார். செம்மல்வைஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டாக்டர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்த கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஏப்ரல் மாதம் 100-க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூன் மாதம் 100-க்குச் சுமார் 2 ஆக இறங்கியது.

கண்ணெதிரே கணக்கு இருந்தது. பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்களா? பலர் ஒப்புக்கொள்ளவில்லை. "மரியாதைக்குரிய எங்கள் கையா அழுக்கு?" என்று அவர்களுக்குக் கோபம் வந்தது. 1849-ல் அவருடைய உத்தியோகம் புதுப்பிக்கப்படவில்லை. 1865-ல் அவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இறந்தார். மந்திரவாதி சொன்னால்தான் மூடநம்பிக்கை என்று நினைக்காதீர்கள். கணக்கைப் பார்க்க மறுத்துப் பதவியைப் பார்க்கச் சொல்லுகிற இடமெல்லாம் மூடநம்பிக்கை இருக்கிற இடம்தான்.

பள்ளிக்கூட வாத்தியார் வந்தார்

அடுத்தது அமெரிக்காவில் நடந்தது. அங்கே ஒரு காலத்தில் வைத்தியப் பள்ளிகள் பெட்டிக்கடைகள் போல் இருந்தன. சில டாக்டர்கள் கூடி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பலகை மாட்டி, பையன்களிடம் பணம் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். 1910-ல் கார்னெகி நிதி ஸ்தாபனத்தின் சார்பில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 வைத்தியப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடம் நடத்திய வாத்தியார். வைத்தியம் தெரியாதவர் வைத்தியப் பள்ளியைச் சோதிக்கலாமா என்றால், தாராளமாகச் சோதிக்கலாம் என்பதை அவர் காட்டினார். ஆய்வுக்கூடம் உண்டா? நோயாளிகளைக் காட்டிக் கற்பிக்க ஆஸ்பத்திரி உண்டா? பையன்களைச் சேர்க்க என்ன படிப்புக் கேட்கிறீர்கள்? ஆசிரியர் முழு நேரமும் கற்பிக்கிறாரா, அல்லது ஓய்ந்த நேரத்தில் எட்டிப் பார்க்கிறாரா? இந்தக் கேள்விகள்தான். 155 இருக்கும் இடத்தில் 31 இருந்தால் போதும் என்று எழுதினார். பல பள்ளிகள் மூடப்பட்டன, நின்றவை சீர்திருந்தின. இந்த மட்டில் அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் தோழர்களே, இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது யோக்கியதை ஆகாது. அப்போது கறுப்பு மக்களுக்காக 7 வைத்தியப் பள்ளிகள் இருந்தன. வெள்ளையர் பள்ளிகளில் பெரும்பாலும் அவர்களுக்கு இடம் இல்லை. அந்த ஏழில் ஹோவார்டு, மெஹாரி என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்று பிளெக்ஸ்னர் எழுதினார். 1923-க்குள் மற்ற ஐந்தும் மூடப்பட்டுவிட்டன. தரம் போதவில்லை என்பது காரணம். தரம் போதவில்லை என்றால் பணம் கொடுத்துத் தரத்தை உயர்த்துவதுதானே முறை? வெள்ளையர் பள்ளிகள் சிலவற்றுக்குப் பெருநிதிகள் வந்து குவிந்தன. இவற்றுக்குப் பூட்டு வந்தது. அந்த ஐந்து பள்ளிகளும் நடந்திருந்தால் 2019 வரையில் ஏறக்குறைய 35,000 டாக்டர்கள் கூடுதலாக வந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அதே 2020-ல் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளின் சங்கம் தான் கொடுத்துவந்த ஒரு பரிசிலிருந்து பிளெக்ஸ்னர் பெயரை எடுத்துவிட்டது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, "தரம்" என்ற வார்த்தையைக் கேட்டவுடன் கைதட்டிவிடக் கூடாது என்பதே. யாருக்குத் தரம், யாரை வெளியே நிறுத்திவிட்டுத் தரம் என்று கேட்க வேண்டும். திட்டம் போடுகிறவர் மனத்தில் சமத்துவம் இல்லாவிட்டால், அந்தத் திட்டம் எவ்வளவு சாஸ்திரீயமானதாக இருந்தாலும் ஒரு கூட்டத்தின் கதவை அடைக்கும் தாழ்ப்பாளாகவே முடியும்.

டாக்டர்கள் மாணவராக உட்கார்ந்தார்கள்

பிளெக்ஸ்னர் கட்டிடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் பார்த்தார். வகுப்புக்குள் நடப்பதைப் பார்க்க இன்னும் சில பத்து வருஷங்கள் ஆயின. 1950-களில் அமெரிக்காவில் பபலோ நகரச் சர்வகலாசாலையில் ஜார்ஜ் மில்லர் என்ற டாக்டர், வைத்தியப் புரபசர்களையும் கல்வித்துறை ஆசிரியர்களையும் ஒன்றாக உட்காரவைத்தார். "நாம் பேசுவதை மாணவன் கேட்கிறானா? கேட்டது நிற்கிறதா? நின்றது நோயாளியிடம் பயன்படுகிறதா?" என்பவைதான் ஆராய வேண்டிய கேள்விகள். பிறகு 1959-ல் இல்லினாய் சர்வகலாசாலையில், வைத்தியக் கல்வியை ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட ஒரு தனி இலாகாவின் தலைவரானார். நோயை ஆராய்வது போலக் கற்பிப்பதையும் ஆராயலாம் என்பது அங்கே வேரூன்றியது.

அந்த மில்லர் 1990-ல் நான்கு படி சொன்னார். முதல் படி, தெரிந்திருப்பது. இரண்டாவது, எப்படிச் செய்வதென்று தெரிந்திருப்பது. மூன்றாவது, செய்து காட்டுவது. நான்காவது, யாரும் பாராதபோதும் அன்றாட வேலையில் அப்படியே செய்வது. சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளின் பாகங்களை ஒப்பிப்பவன் முதல் படி. எப்படி மிதிப்பது என்று விளக்குபவன் இரண்டாம் படி. வாத்தியார் முன் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுபவன் மூன்றாம் படி. சந்தை நாளில் கூட்டத்துக்குள் ஒருவரையும் இடிக்காமல் போய்வருபவன்தான் நான்காம் படி. நம் பரீட்சைகள் பெரும்பாலும் எந்தப் படியோடு நின்றுவிடுகின்றன என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

மூன்றாம் படியைச் சோதிக்க ஸ்காட்லாந்து தேசத்து டண்டீ நகரத்தில் ஹார்டன் என்பவர் 1975-ல் ஒரு புதுப் பரீட்சை முறையை வெளியிட்டார். மாணவர்கள் வரிசையாகப் பல மேஜைகளுக்குப் போகவேண்டும். ஒரு மேஜையில் ஒரு நோயாளியிடம் விசாரிப்பது, மற்றொன்றில் ஒரு பரிசோதனை செய்து காட்டுவது, இப்படி. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம். பரீட்சகர் கையில் ஒரே மாதிரிக் குறிப்புத் தாள். இதற்கு முன்னால் எப்படி என்றால், ஒரு பையனுக்கு எளிய நோயாளி வாய்ப்பார், இன்னொருவனுக்குக் கடினமானவர் வாய்ப்பார்; ஒரு பரீட்சகர் இளகியவர், மற்றொருவர் முறைப்பானவர். "உன் அப்பா என்ன செய்கிறார்? எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு மார்க்குப் போடுவதற்கும் அங்கே இடம் இருந்தது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒழுங்கான பரீட்சையே பெரிய பாதுகாப்பு.

கனடா தேசத்து ஹாமில்டன் நகரத்தில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையின் வைத்தியப் பள்ளி 1969-ல் 20 மாணவர்களோடு ஆரம்பமாயிற்று. அங்கே புரபசர் மேடையில் நின்று மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்வதற்குப் பதில், சில மாணவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒரு நோயாளியின் கதை அவர்கள் முன் வைக்கப்படும். "இதில் நமக்கு என்ன தெரியும்? என்ன தெரியவில்லை? எங்கே தேடலாம்?" என்று அவர்களே விவாதிக்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருந்து வழிகாட்டுவார். "தெரியவில்லை" என்று சொல்லுவது அங்கே அவமானம் அல்ல. அதுதான் படிப்பின் ஆரம்பம். என் தமக்கையின் கட்டைப் பார்த்த பையன் அப்படிப்பட்ட மேஜையில் உட்கார்ந்து பழகியிருந்தால் வாய் திறந்திருப்பான்.

திட்டம் என்றால் என்ன?

"திட்டம், திட்டம்" என்கிறாயே, அது என்ன என்று கேட்பீர்கள். நம் குடியானவர் முதலில் நிலத்தையும் தண்ணீரையும் பார்த்து என்ன விளைய வேண்டும் என்று தீர்மானிக்கிறார். பிறகு விதை, பிறகு உழவு, பிறகு களையெடுப்பு. விதை கையில் இருக்கிறதே என்று எங்கேயாவது வீசிவிட்டு, முளைத்ததை "இதுதான் விளைச்சல்" என்று சொல்லுவதில்லை.

வைத்தியப் பள்ளியும் அப்படியே. முதலில், இந்த மக்களுக்கு என்னென்ன நோய் வருகிறது, என்ன தேவை என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, அதைத் தீர்க்க இங்கே படித்து வெளியே போகிறவருக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று எழுத வேண்டும். மூன்றாவது, அதற்கு ஏற்ற பாடம். நான்காவது, அதையே சோதிக்கும் பரீட்சை. ஐந்தாவது, படித்துப் போனவர் ஊரில் எப்படி வேலை செய்கிறார் என்று போய்ப் பார்த்து, குறை இருந்தால் பாடத்தை மாற்றுவது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் கில்பர் என்பவர் 1977-ல் எழுதிய ஆசிரியர் கைப்புத்தகம் இந்த வழியைத்தான் சொல்லுகிறது. இது தலைகீழாக நடக்கும் இடங்களில், புரபசருக்குப் பிடித்தது பாடமாகிறது. திருத்தச் சுலபமானது பரீட்சையாகிறது. மக்களுக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டு விழாப் பேச்சோடு சரி.

ஆசிரியர் பயிற்சியிலும் மர்மம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 1963 வாக்கில் ஒரு முறை கண்டார்கள். ஆசிரியர் ஐந்து பத்து நிமிஷம் நாலைந்து பேருக்கு ஒரு சிறு பாடம் நடத்துவார். மற்றவர்கள் பார்த்துக் குறை நிறை சொல்லுவார்கள். உடனே திருத்திக்கொண்டு மறுபடி நடத்துவார். இதோடு, மாணவர்களின் அபிப்பிராயத்தைப் பெயர் போடாமல் வாங்கிப் படிப்பது, ஒருவர் வகுப்பை மற்றொருவர் போய்ப் பார்ப்பது, கேள்வித்தாளைச் சேர்ந்து தயாரிப்பது, இவ்வளவுதான். இதற்குப் பணத்தைவிடத் தன்னகங்காரத்தைத்தான் அதிகமாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பலருக்குக் கசக்கிறது. நன்றாகக் கற்பிக்கிறவருக்கு உத்தியோக உயர்வும் கிடைக்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்த்து உயர்வு கொடுத்தால், வகுப்பைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

நம் நாட்டில்

நம் பக்கத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1970-களின் நடுவில் புதுச்சேரி ஜிப்மரில், வைத்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு ஒரு தேசிய நிலையம் ஏற்பட்டது. பிறகு கல்லூரிதோறும் இதற்கென ஒரு பிரிவு வேண்டும் என்றும், ஆசிரியர்கள் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும் என்றும் ஏற்பாடுகள் வந்தன. 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் முதல், "என்ன தெரியும்?" என்பதோடு நில்லாமல் "என்ன செய்ய முடியும்?" என்று கேட்கும் புதிய பாடத்திட்டம் அமுலுக்கு வந்தது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்பதும் அதில் பாடமாயிற்று.

நல்லதுதான். ஆனால் எதையும் சடங்காக்கிவிடுவதில் நம்மவர்கள் மகா கெட்டிக்காரர்கள் அல்லவா? மூன்று நாள் பயிற்சி, ஒரு சர்டிபிகேட், ஒரு படம், மத்தியானச் சாப்பாடு. மறுநாள் அதே ஏச்சு, அதே ஒப்பிப்பு என்றால், கோயிலைச் சுற்றி வந்து பாவம் போயிற்று என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பயிற்சிக்குப் பின் வகுப்பில் என்ன மாறியது என்று பார்த்தால்தான் அது பயிற்சி.

தொழிலிலும் வருணாசிரமமா?

கடைசியாக ஒன்று. வைத்தியக் கல்வி என்றால் டாக்டர் கல்வி மட்டும் அல்ல. நர்ஸ், உடலியக்கப் பயிற்சி கொடுப்பவர், பேச்சுக் கோளாற்றைச் சரிசெய்பவர், மருந்து கலப்பவர், இரத்தப் பரிசோதனை செய்பவர் ஆகிய எல்லோரும் சேர்ந்ததுதான் வைத்தியம். இவர்களுக்கு உயர்ந்த படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1946-ல் வேலூரிலும் டில்லியிலும் நர்சுகளுக்குப் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. பாஸ்டன் நகரத்து மாஸசூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி 1977-ல், டாக்டர் அல்லாத இத்தகைய தொழில்களில் மேல்பட்டம் கொடுப்பதற்கென்றே ஒரு கல்வி நிலையத்தை ஏற்படுத்தியது. அப்படிப்பட்ட நிலையங்களில் ஆசிரியராக வருகிறவர், நேற்று வரை நோயாளியின் பக்கத்தில் நின்றவர். வேலையில் நிபுணர், வகுப்பில் புதியவர். ஆகவே அங்கே பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் ஒரே கவலையாகக் கவனிக்கப்பட வேண்டியவை.

இவர்கள் தனித்தனியே படித்து, தனித்தனியே சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் மேல் கீழ் என்று எண்ணிப் பழகிவிட்டு, திடீரென்று ஆபரேஷன் அறையில் ஒன்றாக வேலை செய் என்றால் எப்படி முடியும்? ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர் படிக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் எழுதியது. இது வெறும் மரியாதைக்காக அல்ல. டில்லி, லண்டன், மணிலா உள்பட 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பார்க்க ஒரு சரிபார்ப்புத் தாளை ஏற்படுத்தினார்கள். அதில் ஒரு விதி, கத்தி வைக்கும் முன் அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது. பெயர் சொல்லிவிட்டவருக்கு, "ஐயா, இது தப்பு" என்று சொல்லவும் வாய் வருகிறது. 2009-ல் வெளிவந்த கணக்குப்படி, சாவு 100-க்கு 1.5 ஆக இருந்தது 0.8 ஆகக் குறைந்தது. அதே தாளை கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் உத்தரவு போட்டுக் கொண்டுவந்தபோது, சாவில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை என்று 2014-ல் கணக்கு வந்தது. இரண்டு கணக்கையும் நான் சொல்லுகிறேன். ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்லுவது புரோகிதர் வேலை. தாள் தானாக உயிரைக் காப்பாற்றாது. அதை நிரப்புகிறவர்கள் ஒருவரை ஒருவர் மனிதராக மதித்துப் பேசினால்தான் காப்பாற்றும் என்று நான் அதற்குப் பொருள் கொள்ளுகிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

"நாங்கள் சாமானியர்கள், எங்களால் என்ன ஆகும்?" என்று சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளை இத்தகைய படிப்பில் சேர்ந்தால், கட்டிடம் எவ்வளவு உயரம் என்று கேட்காமல், ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி உண்டா, மாணவன் கேள்வி கேட்டால் மதிப்பு உண்டா என்று கேளுங்கள். மாணவர்கள் வந்து உங்களைச் சோதித்தால், சம்மதம் கேட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்; சரியாகச் செய்தவனை "நன்றாகப் பார்த்தாய் தம்பி" என்று சொல்லுங்கள்; வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். அதுவும் ஒரு பாடம். நோயாளியும் ஓர் ஆசிரியர்தான். நர்ஸம்மாளை "ஏய்" என்று கூப்பிடுவதை முதலில் நாம் நிறுத்த வேண்டும்.

ஆசிரியருக்கு ஆசிரியர் யார் என்று கேட்டேன். அவருக்கு அவரே ஆசிரியர் என்றால் அது குருபீடம். கேள்வியும் கணக்கும் அங்கே நுழையாது. மாணவனும், சக ஆசிரியரும், பக்கத்தில் நிற்கும் நர்சும், படுக்கையில் கிடக்கும் நோயாளியும் அவருக்கு ஆசிரியர் என்றால் அது கல்விச்சாலை. இதில் எது நமக்கு வேண்டும் என்பதை உங்கள் அறிவுக்கு விட்டுவிடுகிறேன்.